பலகை மாறியது... கால் வலி மாறவில்லை!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



ஒரு காலத்தில் நம்மூர்க் கடைப் பலகைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.' அது ஒரு பெருமை. ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே தராசு என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கு அதே ஜி.எஸ்.டி. ரோடில் நடந்து பாருங்கள். கிளைகளின் பட்டியல்தான் பெருமை! கட்டைப் பையின் இரண்டு பக்கமும் இடம் போதாமல் ஊர்ப் பெயர்களை அச்சடித்துத் தருகிறார்கள். 'கிளை இல்லை' என்று சொன்ன ஊர் 'எத்தனை கிளை பார்' என்று சொல்ல ஆரம்பித்தது எப்போது? அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். ஒருவன் செயற்கைக்கோள். ஒருவன் மின்சார வாகனம். ஒருவன் வழக்கம்போல் காதல். எனக்கு மிஞ்சியது நான் தினமும் நடக்கிற ரோடு. "செயின் ஸ்டோர் பத்தி எழுதப் போறேன்டா" என்றேன். "செயின் டிரைவ் பத்தி எழுதினாலாவது மெஷின் டிசைன் பேப்பருக்கு உதவும்" என்றான் பக்கத்து பெஞ்ச். உதவாத விஷயத்தைத்தான் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

ரோடும் ரயிலும்

என் வீடு குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில். குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு கம்பெனியின் பெயர்தான். குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை இருந்த ஊர் அப்படியே குரோம்பேட்டை ஆகிவிட்டது. ஊருக்கு முன்னால் பலகை வந்த கதை!

1931ல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 2004 வரைக்கும் அந்த வழியில் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. எங்கள் பக்கத்து மனிதர்கள் எல்லோருமே அந்த ரயிலின் டைம்டேபிளில் வாழ்ந்தவர்கள். அரிசி, பருப்பு, காய்கறி உள்ளூரில். துணி, நகை, பாத்திரம் என்றால் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவில் நசுங்கி வாங்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு குடும்பம் குடும்பமாக ரயிலேறுவார்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தூக்கில் புளியோதரை. திரும்பும்போது மஞ்சள் பை நிறையத் துணி, கால் நிறைய வலி.

2021ல் தாம்பரம், பல்லாவரம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஆனாலும் எங்கள் பாட்டி பாரிமுனைக்குப் போவதென்றால் இன்னமும் "மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். புறநகர் என்பது வரைபடத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

முதல் சங்கிலி

கிளைக் கடைகள் என்றால் நேற்று முளைத்தவை என்று நினைக்கிறோம். இல்லை. 1904லேயே திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். டி.யு.சி.எஸ். என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். நுகர்வோரே பங்குதாரர், நுகர்வோரே முதலாளி. கலப்படம் இல்லாத சாமான், சரியான எடை என்பதுதான் அதன் விளம்பரம். இந்தியாவின் மிகப் பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளில் அதுவும் ஒன்று. எங்கள் தாத்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இருந்தவர். சம்பள நாளன்று பட்டியல் எழுதிக்கொண்டு சொசைட்டிக்குப் போனதை இன்னும் சொல்வார். "அங்க பேரமும் கிடையாது, பொய்யும் கிடையாது. ஆனா க்யூ உண்டு" என்பார்.

அரசாங்கமும் சங்கிலி போட்டது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் அமுதம் அங்காடிகள் அப்படி வந்தவை. ரேஷன் கடையை நாம் யாரும் செயின் ஸ்டோர் என்று சொல்வதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய செயின் எது?

அண்ணாச்சி கடை

இந்தச் சங்கிலிகள் எதிலும் சேராதவர் எங்கள் தெருமுனை அண்ணாச்சி. கடை எட்டடிக்குப் பத்தடி. வெளியே உப்பு மூட்டை, உள்ளே மனிதர் நுழைய ஒரு சந்து. சுவரில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று பலகை. ஆனால் கல்லாப்பெட்டிக்கு அடியில் நாற்பது வீட்டுக் கடன் நோட்டு!

அந்த நோட்டின் மதிப்பு எனக்குத் தெரிந்தது 2015 டிசம்பரில். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, ஏ.டி.எம். இல்லை. எனக்கு ஒன்பது வயது. அண்ணாச்சி ஒரு கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நோட்டில் எழுதினார். பால் பவுடர், மெழுகுவர்த்தி, பிரெட். "காசப் பத்தி அப்புறம் பேசுவோம், மொதல்ல புள்ளைங்களுக்குச் சாப்பாடு கொடுங்க" என்றார். அடுத்த நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதும் எங்களைக் காப்பாற்றியது அந்த இன்னொரு நோட்டுதான்.

ஆனால் அண்ணாச்சி கடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அண்ணாச்சிக்கு உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. கடைப் பையனுக்குக் கிடையாது. காலை ஐந்தரைக்கு பால் பாக்கெட் எடுத்து வைப்பதிலிருந்து ராத்திரி ஷட்டர் இழுக்கும் வரை அந்தப் பையன் நின்றான். நானும் அதை அப்போது பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கடைப் பையன் என்றால் நிற்பவன். அவ்வளவுதான்.

தள்ளுபடி வந்தது

1996ல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு வந்தது. ஏ.சி., தள்ளுவண்டி, நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வசதி. 1997ல் திருவான்மியூரில் சுபிக்ஷா வந்தது. இரண்டும் இரண்டு விதமான கணக்கு. ஃபுட்வேர்ல்டு 'வந்து சுற்றிப் பாருங்கள்' என்றது. சுபிக்ஷா 'வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், விலை குறைவு' என்றது. ஏ.சி. கிடையாது, பளபளப்பு கிடையாது. மெயின் ரோடில் இல்லாமல் உள்தெருவில் சின்ன இடம், குறைந்த வாடகை. அந்த மிச்சத்தை எம்.ஆர்.பி.யில் கழித்துக் கொடுத்தார்கள். மருந்துக்கும் தள்ளுபடி!

அதுவரைக்கும் எம்.ஆர்.பி. என்றால் அதற்கு மேல் விற்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக் கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு, அதற்குக் கீழேயும் ஒரு விலை உண்டு என்று காட்டியது அந்தக் கடைதான். என் அப்பா ஒரு சின்ன பட்டறையில் லேத் ஆபரேட்டர். சுபிக்ஷா பில்லையும் அண்ணாச்சி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மா கணக்குப் போட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார். மாசத்துக்கு மிச்சமான காசில் சீட்டு கட்டினார்களாம்.

அப்புறம் நடந்தது நம் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய விஷயம். சென்னையில் மெதுவாக வளர்ந்த சுபிக்ஷா, பிறகு நாடு முழுக்க வேகம் பிடித்தது. ஏறத்தாழ 1,600 கடைகள். கடைகளைத் திறந்தது பெரும்பாலும் கடன் பணத்தில். 2008 கடைசியில் உலகம் முழுக்கப் பணம் இறுகியபோது புதுக் கடன் கிடைக்கவில்லை. சரக்கு வாங்கப் பணமில்லை. சரக்கு இல்லாததால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாததால் பணமில்லை. 2009 ஆரம்பத்தில் எல்லாக் கடைகளுக்கும் பூட்டு. அலமாரி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தன. அவற்றை ஓட்டுகிற பணம் மட்டும் இல்லை. பெட்ரோல் இல்லாத வண்டிக்கு எஞ்ஜின் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஃபுட்வேர்ல்டு ஆரம்பித்த குழுமத்தின் கடைகள் பிறகு ஸ்பென்சர்ஸ் என்ற பெயருக்கு மாறின. அதுவோ 1863ல் மவுண்ட் ரோடில் பிறந்த பெயர்! 2001ல் தொடங்கி நாடு முழுக்க நிறைந்த பிக் பஜாரும் 2022ல் கை மாறியது. பலகை கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருபத்தைந்து வருஷம் போய்விட்டது.

இந்தக் கதைகளைப் பத்திரிகைகள் நிறைய எழுதின. முதலீடு, கடன், பங்குதாரர் எல்லாம் வந்தது. பில் போட்டவர்களும் அலமாரி அடுக்கியவர்களும் அடுத்த நாள் காலை எங்கே போனார்கள் என்பது ஓரமாக நாலு வரி வந்தது. அவர்கள் அடுத்த பலகைக்கு அடியில் போய் நின்றார்கள். வேறெங்கே போவார்கள்?

இட்லிக்கும் சங்கிலி

ஹோட்டல் கதை இன்னும் ருசியானது. 1981ல் கே.கே. நகரில் சரவண பவன் ஆரம்பித்தது. அப்போது கே.கே. நகரும் நம் பக்கம் மாதிரி வளர்ந்து கொண்டிருந்த ஓரப் பகுதிதான். சின்ன வயதில் ஹோட்டலில் மேஜை துடைத்த பி.ராஜகோபால் அதை ஆரம்பித்தார். சுத்தம், ஒரே தரம், ஒரே சுவை. எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் சாம்பார் ஒரே சாம்பார். வெளிநாடுகளிலும் கிளைகள். ஊழியர்களுக்கு மருத்துவம், வீட்டு வசதி என்று அவர் செய்ததையும் ஊர் பேசியது. ஊழியர் ஒருவரின் மருமகன் கொலையான வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2019ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததையும் ஊர் பேசியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று கூட்டிக் கழிக்க முடியாத கதை அது. இரண்டையும் அப்படியே சொல்லத்தான் முடியும்.

வீட்டு சாமான் பக்கமும் இதே மாதிரி ஒருவர். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக நின்ற எச்.வசந்தகுமார் 1978ல் வசந்த் அண்ட் கோ ஆரம்பித்தார். தவணை முறையில் டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸி. புறநகரில் கல்யாணம் என்றால் சீர்வரிசையில் பாதி தவணையில்தான் வந்தது. 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். மேஜை துடைத்தவரும் கவுன்டரில் நின்றவரும் முதலாளி ஆன ஊர் இது. அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் நிற்கிறவர்களை நிற்க வைக்கிறார்கள்: "நின்னா நீயும் ஒரு நாள் மொதலாளி ஆவே."

1989ல் ஹாட் பிரெட்ஸ் வந்து பன் வாசனையைக் கண்ணாடிக் கதவுக்குள் வைத்தது. 90களின் நடுவில் பீட்ஸா வந்தது. பிறகு கோழிக்கும் பர்கருக்கும் வரிசை. இப்போதோ கடைக்கே போக வேண்டாம், கடை நம் வீட்டுக்கு வருகிறது. கொண்டு வருகிறவன் யார்? நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்! சாயங்காலம் லேப் முடிந்ததும் டி-ஷர்ட்டை மாற்றிக்கொண்டு வண்டியை எடுக்கிறான். இரவு பதினொன்றரைக்கு எவன் வீட்டுக்கோ பிரியாணி கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் பீரியடில் தெர்மல் வகுப்பில் தூங்குகிறான். வாத்தியார் திட்டுகிறார். அவருக்கும் தெரியும், பாதிதான் திட்டுகிறார்.

ஒரு சங்கிலியை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல முடியும். 2013ல் ஆரம்பித்த அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் நடத்தியது. அந்த 2015 வெள்ளத்தில் இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள். கட்சி பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், பசிக்கும்போது கதவு திறந்திருந்த கடை என்று ஊர் அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

என் அக்கா நிற்கிறாள்

இத்தனை கதையும் எதற்கு என்றால், என் அக்கா ஒரு கிளைக் கடையில்தான் வேலை செய்கிறாள். பல மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். எந்த ஊர்க் கிளை என்பதும் வேண்டாம். இரண்டாவது மாடி, சேலைப் பிரிவு. சாப்பாட்டு நேரம் போக பத்து மணி நேர வேலை. சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். மிச்ச இரண்டு மணியை ஓ.டி. என்று எழுதிக் கொள்கிறார்கள்.

பத்து மணி நேரமும் நிற்க வேண்டும். கஸ்டமர் இருந்தாலும் நிற்க வேண்டும், இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மேலே கேமரா. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வருவார். வந்து திட்டக்கூட மாட்டார். "ஏம்மா, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போறியா?" என்பார். வீட்டுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. இதைவிட நாசூக்கான மிரட்டல் எந்த சினிமா வில்லனுக்கும் தெரியாது.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது. டாக்டர் காலில் போடும் இறுக்கமான சாக்ஸ் எழுதிக் கொடுத்தார். "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றும் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். அவரும் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். அப்படியே சாப்பாடு, அப்படியே பேச்சு. எங்கள் வீட்டுச் சுவரில் அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு கருத்திருக்கிறது.

2010ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படத்தை நம்மில் பலர் டி.வி.யில் பார்த்திருப்போம். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களின் கதை. படம் பார்த்து அழுதோம். மறுநாள் அதே மாதிரிக் கடைக்குப் போய் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தோம்.

சட்டம் ஒரு ஸ்டூல் கொடுத்தது

இதற்கு எதிராக முதலில் குரல் எழுந்தது கேரளாவில். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி.விஜி என்ற பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அப்புறம் கேட்டது உட்காரும் உரிமை. 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு. எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்பதுதான் சாரம். கேரளாவுக்கு அடுத்து இதைச் செய்த மாநிலம் நம்முடையது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் 1904ல் சரியான எடைக்காகச் சங்கம் வைத்த ஊர், கடைக்காரப் பெண் உட்காரலாம் என்று எழுத 2021 வரை எடுத்துக் கொண்டது!

சட்டம் வந்தது. அக்கா கடைக்கு ஸ்டூல் வரவில்லை. ஒரு வருஷம் பார்த்தார்கள். பிறகு அந்த மாடிப் பெண்கள் இருபத்தியொரு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக வட்டமாகப் போட்டார்களாம்! படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களின் மூளையைப் பாருங்கள். தாளில் சட்டப் பிரிவின் எண்ணையும் எழுதினார்கள். அது வேலை செய்தது. இருபத்தியொரு பேருக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது.

அன்று ராத்திரி அக்கா சுவரில் காலை வைத்தபடியே கேட்டாள்: "டேய், ஆறு ஸ்டூலு, இருவத்தோரு பேரு. சண்ட வராம எப்பிடிடா பிரிக்கிறது? நீதான் இஞ்சினீரிங் படிக்கிறியே."

நண்பர்களே, மூன்று வருஷப் படிப்பில் நான் நிஜமாகவே உபயோகித்த முதல் பாடம் இதுதான். இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் வொர்க் ஸ்டடி என்று ஒரு யூனிட் வருமே, பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிப்போமே, அதுதான்! பத்து மணி நேரத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை கூட்டம் அதிகம். அப்போது யாரும் உட்கார முடியாது. மீதி ஏழு மணி நேரம். அரை மணி அரை மணியாகப் பிரித்தால் பதினான்கு பகுதி. ஆறு ஸ்டூலுக்குப் பதினான்கு ஆறு எண்பத்து நான்கு. இருபத்தியொரு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நான்கு. அதாவது ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு மணி நேரம்.

சேலை அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் கட்டம் போட்டு அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னாள். மாசமாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் கொஞ்சம் நேரம் விட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம், கூட்ட நேரத்துக்கு முந்தின அரை மணியில் வயசானவர்கள் உட்கார வேண்டும், அப்போதுதான் ஒன்பது வரை தாங்குவார்கள். என் கணக்கு சரிதான். ஆனால் யார் கால் எப்போது வலிக்கும் என்பது என் கணக்கில் இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அட்டவணை ஓடுகிறது. வாரநாட்களில் ஓடுகிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் 'எடம் அடைக்குது' என்று ஸ்டூல் எல்லாம் குடோனுக்குப் போய்விடும். ஜனவரியில் திரும்பி வரும். போன தடவை ஆறு போனது, ஐந்து வந்தது. மறுபடி கணக்குப் போட்டோம். எழுபதை இருபத்தியொன்றால் வகுத்தால் மீதி வருகிறது. "மீதிய மாசமா இருக்கறவளுக்குக் கொடுத்துட்டோம்டா" என்றாள் அக்கா.

நமக்கு என்ன?

நம்மில் பலர் நாளைக்கு இந்தக் கடைகளுக்குத்தான் வேலைக்குப் போகப் போகிறோம். லிஃப்ட், எஸ்கலேட்டர், ஏ.சி. பராமரிப்பு, பில்லிங் சிஸ்டம், ஜெனரேட்டர். மெக்கானிக்கலோ, எலெக்ட்ரிகலோ, கம்ப்யூட்டரோ, கமர்ஷியல் பிராக்டிஸோ, எல்லோருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கும். ஆமாம், நாற்காலி. டிப்ளமோ இருக்கிறதே! புதுக் கடைக்குப் படம் வரையும் சிவில் நண்பனே, கவுன்டருக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கைக்கு ஒன்றரை அடி விட்டு வரை. ஃபிரிட்ஜுக்கு இடம் விடுகிறாய், கேமராவுக்குக் கம்பி விடுகிறாய். மனிதருக்கு ஒன்றரை அடி விட்டால் கட்டடம் இடிந்துவிடாது.

கடைகள் வரட்டும், போகட்டும். கூட்டுறவு வந்தது, தள்ளுபடி வந்தது, பல மாடி வந்தது, வீட்டுக்கே வந்தது. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கணக்கை மாற்றியது. எடையை மாற்றியது, விலையை மாற்றியது, தவணையை மாற்றியது, நேரத்தை மாற்றியது. நிற்கிறவர்களின் கணக்கை மட்டும் எந்த முதலாளியும் தானாக மாற்றவில்லை. கோழிக்கோட்டிலும் சரி, ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியிலும் சரி, நின்றவர்களேதான் கேட்டு மாற்றினார்கள். அதை இன்னும் கொஞ்சம் மாற்ற வாடிக்கையாளராகிய நம்மால் முடியும். செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் மேனேஜரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஸார், இவங்க உட்கார எடம் எங்கே?" கேட்பது கஸ்டமர் என்றால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஸ்டூல் இருந்தால் இன்னும் சுலபம். நம்மைப் பார்த்ததும் அந்த அக்கா பதறி எழுந்திருப்பார். அப்போது இதை மட்டும் சொல்லுங்கள்:

"பரவால்லக்கா, உட்கார்ந்துக்கிட்டே எடுத்துக் கொடுங்க."